உச்சி வெயிலிலும் உலராத துளி

கேள்வி: அழுகண்ணிச் செடி உண்மையிலேயே அழுமா?
(வாசகி ஒருவர், மந்திர் மார்க், புதுதில்லி)

பதில்: அழாது, எறும்பையும் கொசுவையும் அழவைக்கும்! ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, தரையோடு தரையாகப் படிந்திருக்கும். கரண்டி போன்ற இலை முழுக்கச் செந்நிற முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசைத் துளி. காலைப் பனி காய்ந்த பிறகும், உச்சி வெயிலிலும் அந்தத் துளி மின்னும். தேனென்று நம்பி உட்காரும் பூச்சி ஒட்டிக்கொள்ளும். விளிம்பு முடிகள் சில நொடிகளில் வளைந்து அதை நடுவே தள்ளிவிடும். பிறகென்ன, சாப்பாடுதான். டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பெரும்பகுதி இதன் ஐரோப்பிய உறவுக்காரியைப் பற்றியதே.

கேள்வி: மண்ணில் சத்து இல்லையா, பூச்சி எதற்கு?

பதில்: இல்லை. ஈரம் உண்டு, தழைச்சத்து கிடையாது. அதைப் பூச்சியிடம் வாங்கிக்கொள்கிறது.

கேள்வி: தொழுகண்ணியும் இதுவும் ஒன்றா?

பதில்: சித்த மருத்துவத்தில் ஜோடியாகப் பேசுவார்கள், ஆனால் உறவில்லை. தொழுகண்ணி அவரைக் குடும்பம். அதன் சிற்றிலைகள் நாம் பார்த்திருக்கும்போதே அசையும்.

கேள்வி: பிர்லா மந்திருக்குப் பின்னாலுள்ள ரிட்ஜ் காட்டில் தேடலாமா?

பதில்: அது பாறை மேடு, முள் காடு. மழைநீர் நிற்காமல் வடிந்துவிடும். நம்மூர்ச் சீமைக்கருவேலம்தான் அங்கேயும் மண்டிக் கிடக்கிறது. அழுகண்ணியின் மலை இனத்தைப் பார்க்க நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிச் சதுப்புகளுக்குப் போகவேண்டும். கோடையில் மேலே காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழைக்கு எழுந்துவரும்.

கேள்வி: இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட இருக்கிறதாமே, அப்புறம் எப்படி அரிது?

பதில்: வரைபடத்தில் பார்த்தால் பாதி ஆசியா இதன் வீடு. நேரில் போனால் ஒரு பாய் அகலத்துக்கு ஈரம். அதில் நூறு செடி இருக்கும், பத்தடி தள்ளி ஒன்றுகூட இராது. அந்தக் கசிவை அடைத்தால் நூறும் போயிற்று. நீலகிரியில் சதுப்பை வடித்துத் தோட்டம் போட்டோம், புல்வெளியில் வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டோம். எனக்கு ஆறாத வருத்தம் அது.

கேள்வி: பால்கனித் தொட்டியில் வளர்க்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. தில்லிக் குழாய்த் தண்ணீரின் உப்பே அதைக் கொன்றுவிடும், உரம் போட்டால் இன்னும் சீக்கிரம். மழைக்காலத்தில் ஊட்டிப் பக்கம் போனால் மண்டியிட்டுப் பாருங்கள். படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள், வேரோடு பிடுங்குகிறவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.