திரையில் ஓர் ஆய்வகம்

கூகுளிடம் கேட்டால் எல்லாம் தெரிகிறதே, வகுப்பில் ஆசிரியர் எதற்கு? (பிளஸ் டூ மாணவர், தேனி)

கேட்டால்தான் கூகுள் சொல்லும். கேட்கத் தெரியாமல் கடைசி பெஞ்சில் விழிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது யார்?

எங்கள் பள்ளியில் ஆய்வகமே இல்லை. மின்சுற்றுப் பாடத்தை எப்படி நடத்த? (அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி)

நோபல் பரிசு வாங்கியவரே உங்களுக்கு ஆய்வகம் கட்டித் தந்திருக்கிறார், வாடகை இல்லாமல்! 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதுதான் ‘ஃபெட்’ (PhET) என்ற இணைய ஆய்வகம். பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் திரையில் இருக்கும். தப்பாக இணைத்தால் தீப்பிடிக்கும், கை சுடாது. தமிழிலும் கிடைக்கிறது. முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: ‘ஸ்விட்சைப் போட்டால் எந்த பல்பு எரியும்?’ என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்கவிடுங்கள். அந்த வாக்குவாதம் முடிந்த பிறகு திரையைத் தொடுங்கள். பாடம் அந்த வாக்குவாதத்தில்தான் நடக்கிறது.

கணக்குப் பாடத்துக்கு? (அவரே)

ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருள். அதில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுங்கள். வடிவம் வளைந்துகொடுக்கும், மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை விட்டு அசையாது!