மாமியாரும் மைட்டோகாண்ட்ரியாவும்

ரங்கநாதன் தெருவில் பை சுமக்கத் தெம்பு எங்கிருந்து வருகிறது? காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்தா? – வாசகி, தி. நகர்

இட்லியிலிருந்துதான். ஆனால் நேரடியாக அல்ல. இட்லி 500 ரூபாய் நோட்டு. தசையோ ஆட்டோக்காரர் மாதிரி, சில்லறை இல்லாமல் வண்டியை எடுக்காது. மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு அந்த நோட்டை ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றித் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஒரு நாளில் உடம்பில் புழங்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் எடைக்கு வரும். கையிருப்போ கால் கிலோவைத் தாண்டாது.

‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டேன். அதற்கு வேறு வேலையே கிடையாதா? – வாசகர், மயிலாப்பூர்

உண்டு. செல்லுக்குச் சாவு தேதி குறிப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. வேளை வந்ததும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்தை வெளியே விடும். செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். கருவில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு இப்படித்தான் மறைந்தது. மறையாமல் இருந்திருந்தால், மார்கழிக் கச்சேரியில் முன்வரிசை மாமாக்கள் எந்த விரலை எண்ணித் தாளம் போடுவார்கள்?

மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில்தான் வருமாமே? ‘பேரன் அப்படியே எங்க வம்சம்’ என்கிறாரே மாமியார்! – வாசகி, மந்தைவெளி

உட்கருவில் இருக்கும் சுமார் 20,000 மரபணுக்களில் அவர் பங்கும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக இருக்கும் 37 மட்டும் உங்களுடையவை; உங்களுக்கு உங்கள் அம்மா தந்தவை. மாமியாருடையது அவர் பிள்ளையோடு நின்றுவிட்டது. மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் இருந்தால் அங்கே தொடரும். இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் தைரியம்.

தினமும் நடந்தால் மைட்டோகாண்ட்ரியா பெருகுமா? – வாசகர், அடையாறு

பெருகும், தசைகளில். ஆனால் பெசன்ட் நகர் கடற்கரையில் மூச்சு வாங்க நடக்கவேண்டும். நண்பர்களோடு நின்று அரசியல் பேசினால் பெருகுவது ரத்த அழுத்தம்தான்.

இந்தக் கதையில் நம்மூர்த் தொடர்பு ஏதாவது உண்டா? – வாசகர், திருவல்லிக்கேணி

உங்கள் பேட்டையிலேயே உண்டு. பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ் படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அங்கே கதர் உடுத்திப் போனது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். அவர்தான் 1929-இல் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்; அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்ற விஞ்ஞானியும் தனியாகக் கண்டறிந்தார். யானைக்கால் நோய்க்கான மாத்திரையும் சுப்பாராவ் தலைமையில் வந்ததே. நோபல் பரிசு வரவில்லை; 1995-இல் தபால் தலை வந்தது. பிள்ளைகளுக்கு ஏ.டி.பி. பாடம் சொல்லித்தரும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.