மருந்துச் சீட்டில் இல்லாதது

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு நிபுணர்களும் மருந்துகளும் இருக்கையில், நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு சங்கம் எதற்கு?

பதில்: வைத்தியர் மருந்து எழுதித் தருவார், விரல் மரத்துப்போன காலையில் சட்டைப் பொத்தானை மாட்டிவிட அவரா வருவார்? மாட்டிவிடுகிற மனைவியின் களைப்புக்கு எந்தச் சீட்டிலும் மருந்து இல்லை. சித்திரை வெயில் ஏறினாலே சோர்வும் பார்வை மங்கலும் மிகுந்து வருந்துபவரிடம், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லிப்போகும் உறவினர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

1945-இல் நியூயார்க்கில், சகோதரருக்கு இந்நோய் கண்டு மனம் கலங்கிய சில்வியா லாரி என்னும் பெண்மணி, இதிலிருந்து குணமடைந்தவர் எவரேனும் உண்டோ என்று பத்திரிகையில் விளம்பரம் செய்ய, வந்த கடிதங்களெல்லாம் அதே கேள்வியோடு தவித்துக்கொண்டிருந்தவர்களுடையனவாகவே இருக்கக் கண்டு, அவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்து மறு ஆண்டே ஸ்தாபித்த அமைப்புத்தான் இன்றைய அமெரிக்க தேசிய சங்கம். பதில் கிடைக்காத விளம்பரம் இத்தனை பலன் தந்தது அபூர்வம்!

நம் தேசத்தில் 1985 முதல் இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் இயங்குகிறது. சென்னையிலும் கிளை உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் அட்டவணையில் சேர்த்திருப்பதால், சான்றிதழ் கோருவது யாசகமன்று, உரிமை.

நோயாளியைச் சங்கத்துக்கு அழைத்துச் செல்பவர் வாசலிலேயே நின்றுவிடாமல், உள்ளே அமர்ந்து தம் பாரத்தையும் சொல்லிவிட்டு வர வேண்டுகிறேன்.