அரை புஷல் ஆசாமி

மாசசூசெட்ஸ் பக்கம் செப்டம்பர் பாதி கழிந்ததும் ஒரு வகை மனிதர் உறக்கம் கலைந்து எழுகிறார். ஆண்டின் மிச்ச மாதங்களில் அவர் காப்பீட்டுக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பார், புல்வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவார், ராத்திரிச் சாப்பாட்டைப் போன் போட்டு வரவழைப்பார். அவர் வீட்டு ஓவனுக்கு அதுவரை பாத்திர அலமாரி உத்தியோகம்தான். வாணலிகளும் தட்டுகளும் அதற்குள் குடியிருக்கும். ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றில் லேசான குளிர். எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் சிவந்திருக்கிறது. அவ்வளவுதான். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை வெளியே வருகிறது. ஓவன் 350 டிகிரிக்குத் திருகப்படுகிறது. உள்ளே வாணலி இருக்கிறதே என்ற ஞாபகம், அதன் பிளாஸ்டிக் கைப்பிடி உருகி வாடை கிளம்பிய பிறகுதான் வரும்.

இவர்தான் அரை புஷல் ஆசாமி. பெண்களிலும் உண்டு, ஆண்களிலும் உண்டு. குணத்தில் இம்மியும் வித்தியாசம் கிடையாது. வசதிக்காக ஓர் ஆணைப் பிடித்துக்கொள்வோம்.

பாஸ்டனுக்கு மேற்கே ஸ்டோ, போல்டன், ஹார்வர்ட் என்று சில சிற்றூர்கள். இந்த ஹார்வர்டில் பல்கலைக்கழகம் கிடையாது. இங்கே பட்டம் தர மாட்டார்கள், ஆப்பிள் தருவார்கள். அதுவும் நாமே பறித்துக்கொள்ள வேண்டும். பழம் பறிக்க ஆளுக்குக் கூலி கொடுப்பது நம் ஊர் வழக்கம். பறிக்கிற ஆளே கூலியும் கொடுத்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். வாசலில் இரண்டு அளவில் பை வைத்திருப்பார்கள். சின்னது ஒரு பெக், கிட்டத்தட்ட 10 பவுண்டு. பெரியது அரை புஷல், அதில் இரண்டு மடங்கு. பெரிய பை வாங்கினால் பவுண்டுக்கு இத்தனை சென்ட் லாபம் என்று நம்மவர் மனக்கணக்குப் போட்டுவிடுவார். காப்பீட்டுக் கம்பெனியில் சும்மாவா இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறார்?

தோப்புக்குள் நுழைந்ததும் அவர் ஆசிரியராகிவிடுவார். "காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி அப்படியே மேலே புரட்டணும். தானாகக் கழன்று வரும், பார்" என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார். பழம் கழன்று வரும். பக்கத்திலிருந்த இன்னும் மூன்று பழங்களும் புல்லில் விழும். மரத்துக்கு மரம் சரித்திரம் சொல்வார். மெக்கின்டாஷா? 1811-இல் கனடாவில் ஒரு விவசாயி காடு திருத்தும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த வம்சம். கோர்ட்லண்டா? அரிந்து வைத்தாலும் சட்டென்று கறுக்காது. ஹனிகிரிஸ்ப்பா? முகம் சுளிப்பார். அது மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ரகம்; அவர் கணக்கில் நேற்றுப் பிறந்த பிள்ளை, விலையும் அதிகம். வீட்டுக்குப் போகிற வழியில் காரில் அவர் கடிப்பது மட்டும் ஹனிகிரிஸ்ப்பாக இருக்கும். ஊர் ஊராக ஆப்பிள் நாற்றங்கால் போட்ட ஜானி ஆப்பிள்சீட் 1774-இல் பிறந்தது பக்கத்து லெமின்ஸ்டரில்தான் என்பதையும் சொல்லாமல் விடமாட்டார். சொல்லும் தோரணையைப் பார்த்தால் பெரியப்பா முறையோ என்று தோன்றும்.

வீட்டுக்கு வந்து பையைச் சமையல் மேடையில் வைத்ததும்தான் கணக்கு உதைக்கும். அரை புஷல் என்றால் 9 கிலோ. நடுத்தரப் பழமாக எண்ணினால் 60-ஐ ஒட்டி வரும். வீட்டில் இருப்பது நான்கு பேர். அதில் ஒருத்தி, தோல் சீவி நறுக்கிக் கொடுத்தாலும் வாழைப்பழம்தான் வேண்டும் என்பாள்.

விவரமான ஆள் என்ன செய்வார்? ‘பை’ (pie) என்கிற பண்டம் செய்வார், ஒரு ஆப்பிள் பைக்குள் ஆறேழு பழம் அடங்கிவிடும். இல்லையென்றால் எல்லாவற்றையும் வேகவைத்து மசித்து ஜாடியில் அடைப்பார். நம்மவர் தேர்ந்தெடுப்பது மெத்தென்ற ஆப்பிள் ஓட்ஸ் குக்கீ. ஒரு தடவைக்கு இரண்டே பழம் செலவு. அதில் மூன்று டஜன் குக்கீ வரும். 60 பழமும் தீர வேண்டுமானால் 30 தடவை மாவு பிசைந்து 1,080 குக்கீ சுட வேண்டும். ஆப்பிளைத் தீர்க்க மனிதன் கண்டுபிடித்த வழிகளிலேயே ஆகக் கையாலாகாத வழி இதுதான்.

கணக்குத் தெரிந்தவர் இதை ஏன் செய்கிறார்? அவருடைய கணக்கு வேறு. பை ஒன்று செய்தால் ஒரு வீட்டுக்குப் போகும், ஒரு பாராட்டு வரும். குக்கீ 36 கைக்குப் போகும், 36 பாராட்டு வரும். பாராட்டைச் சில்லறையாக மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல பண்டம் இதுவரை வரவில்லை.

செய்முறை பாட்டி கொடுத்த ரகசியம் என்பார். 3 கப் ஓட்ஸ், ஒன்றரைக் கப் மாவு, இரண்டு முட்டை, 350 டிகிரி. குவேக்கர் ஓட்ஸ் டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் இதே அளவுதான் அச்சாகியிருக்கும். உலர்திராட்சை இருந்த இடத்தில் ஆப்பிள் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் பாட்டியின் பங்கு.

மாவு அளப்பதில் அவர் பரம வைதிகர். கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் பழக்கத்தை அமெரிக்கச் சமையலறைகளில் பரப்பியவர் ஃபேனி ஃபார்மர். அந்த அம்மாள் 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம்தான் இந்தப் பக்கத்து வேதம். அதன்படியே மைதாவைக் கப்பில் நிரப்பி, கத்தியின் முதுகால் ஒரு கோடு இழுத்து, மேலே ஒரு துகள் துருத்தாமல் தட்டுவார். பட்டைப்பொடிக்கு வரும்போது மட்டும் அந்த அம்மாள் மறந்துபோகும். ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருக்கும் இடத்தில் டப்பாவை அப்படியே கவிழ்த்து, "இலையுதிர்காலம் வந்தது வீட்டுக்குத் தெரிய வேண்டாமா?" என்பார். அடுத்த தெரு வரைக்கும் தெரியும்.

அவருக்கு எதிரிகளும் உண்டு: பூசணிக் கட்சிக்காரர்கள். 2003-இல் ஸ்டார்பக்ஸ் பூசணி மசாலா லாத்தேயை இறக்கியதிலிருந்து இலையுதிர்காலத்தையே அவர்கள் வளைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மெக்கார்மிக் கம்பெனி அந்த மசாலாவை 1934-லேயே டப்பாவில் அடைத்துவிட்டது என்று சொன்னால் கேட்க மாட்டார். அந்த டப்பாவில் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ். இவர் குக்கீயில் பட்டை, ஜாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்பு. கொள்கை வேறுபாடு அவ்வளவே. கூட்டணி வைத்துக்கொள்ளலாம்.

குக்கீ மொறுமொறுவென்று வந்தால் அவருக்கு அது தோல்வி. கடையில் கிடைக்கிற பண்டம். மெத்தென்று வர வேண்டும். அதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறார். பிரவுன் சர்க்கரையில் இருக்கும் வெல்லப்பாகு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் வெள்ளைச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும். ஓட்ஸ் தட்டையான அவலாக இருக்க வேண்டும். உடனடி ஓட்ஸ் கூழாகிவிடும், உடைத்த ஓட்ஸ் பல்லை உடைக்கும். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர், ஆகவே துருவினால் மாவு நீர்த்துவிடும். பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். பிசைந்த மாவை அரைமணி நேரம் குளிரில் வைத்தால் ஓட்ஸ் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசி மூன்று நிமிஷத்தில்தான் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஓவனுக்குள் இருக்கும் பல்பு எப்போதோ போய்விட்டது, மாற்றவில்லை. ஃபிளானல் சட்டையோடு தரையில் முட்டிபோட்டு, கண்ணாடிக் கதவில் மூக்கு படுகிற தூரத்தில் உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்க்கிறார். கண்ணாடி ஆவிபடிந்து மங்குகிறது, கைமுட்டியால் துடைக்கிறார். ஆவி உள்பக்கம் என்பது இரண்டாவது தடவை துடைத்த பிறகு புரிகிறது. குக்கீயின் ஓரம் பொன்னிறமாகிவிட்டது. நடுவில் இன்னும் பச்சை மாவின் ஈர மினுமினுப்பு. சட்டென்று எழுந்து கையுறையைத் தேடுகிறார்.

"வெந்துவிட்டதா?" சோபாவிலிருந்து மனைவி.

"இன்னும் இல்லை."

"அப்புறம் எதற்கு வெளியே எடுக்கிறாய்?"

"வேகவில்லை, அதனால்தான் எடுக்கிறேன்."

மனைவி தன் புத்தகத்தைத் திரும்பப் பிரித்துக்கொள்கிறார். கணவர் சொல்வது உண்மைதான். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிஷம் இருந்தால் நடுப்பகுதி தானாக இறுகிவிடும். ஓவனுக்குள்ளேயே முழுக்க வேகவிட்டால் ஆறியதும் ஓடாகிவிடும். ஆனால் இந்த உண்மையை விளக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. மனைவி விவரம் தெரிந்தவர். இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

ஒரே ஒரு இடத்தில் சாஸ்திரம் காலை வாரும். ஆறும் முன்பே டப்பாவில் அடுக்கி மூடிவிடுவார். ஆப்பிள் ஈரமும் ஆவியும் சேர்ந்து, விடிந்து பார்த்தால் 36 குக்கீயும் ஒரே குக்கீயாகியிருக்கும். அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்திருக்கலாம். போகட்டும், கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, இந்த வருஷம் புது மாதிரி என்று ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுவார்.

ஆபீஸ் காபி அறையில் டப்பாவைத் திறந்து வைத்து, "பாதாம், முந்திரி, வால்நட் எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டும் ஒட்டுவார். தன் பெயரை எழுத மாட்டார். எழுதினால் யாரும் கேட்க மாட்டார்களே! காபி மெஷினில் ஏதோ கோளாறு பார்ப்பவராகப் பக்கத்திலேயே நிற்பார். யாராவது ஒருவர் வாயில் போட்டுக்கொண்டு, "ஆகா, யார் செய்தது?" என்று கேட்டதும், "அதுவா? வீட்டில் ரெண்டு பழம் மிச்சமாகக் கிடந்தது, சும்மா போட்டேன்" என்பார். மிச்சம் 58 பழம் என்பதைச் சொல்ல மாட்டார்.

தபால்காரருக்கும் ஒரு பொட்டலம் உண்டு. அமெரிக்கத் தபால் ஊழியர் ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்கு உட்பட்ட அன்பளிப்புதான் வாங்கலாம், ரொக்கம் கூடாது என்பது விதி. நம்மவருக்கு விதி அத்துப்படி. ஆறு குக்கீ எப்படிப் பார்த்தாலும் 20 டாலர் ஆகாது. தோப்பு நுழைவுச் சீட்டு, டிராக்டர் சவாரி, அங்கே சாப்பிட்ட சைடர் டோனட், இதற்கென்றே வாங்கிய கிச்சன்எய்டு மிக்சர் எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால், பாவம், தபால்காரர் வேலைக்கே ஆபத்து.

தெருக்கோடியில் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் இருக்க வந்த மாமி கதவைத் திறக்கிறார். தட்டைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, முட்டை போட்டிருக்கானு கேளுங்கோ" என்கிறார். போட்டிருக்கிறது, இரண்டு. மாமி சிரித்த முகமாக வாங்கி மேடையில் வைக்கிறார். அன்று இரவு மாப்பிள்ளை குப்பை கொட்டப் போகிற சாக்கில் கராஜில் நின்றே முடித்துவிட்டார். முட்டைதான் இடைஞ்சல் என்று தெரிந்ததும் அரை புஷல் ஆசாமிக்கு வருத்தம் வரவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் ஆப்பிள் கூழ் சேர்க்கலாமே! பழம் தீர இன்னொரு மடை திறந்துவிட்டதே! அடுத்த சனிக்கிழமை முட்டையில்லாத தட்டு வந்தது. மாமி ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, "பட்டை போட்ட அதிரசமாட்டம் இருக்கு. நெய்யில பண்ணியிருந்தா இன்னும் நன்னா இருந்திருக்கும்" என்றார். மாப்பிள்ளை முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார்.

ஆனால் தெருவில் எல்லோரும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் அல்ல. பக்கத்து வீட்டுக்காரரும் அதே தோப்புக்குத்தான் போயிருந்தார். அவர் ஒரு ஆப்பிள் பை கொடுத்தனுப்புகிறார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு ஜாடி ஆப்பிள் வெண்ணெய். பின்வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக ஆப்பிள் கூழ் நீட்டுகிறார். இரண்டு பழத்தைச் செலவழித்து இருபது பழத்தை வீட்டுக்குள் ஏற்றியாயிற்று. அக்டோபர் முழுக்க அந்தத் தெருவில் ஆப்பிளின் அளவு குறையவே இல்லை, உருவம்தான் மாறிக்கொண்டிருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். நாலரைக்கே இருட்டிவிடும். குளிர்பெட்டியின் கீழ் அறையில் சுருங்கிய தோலோடு பத்துப் பதினைந்து பழம் இன்னும் கிடக்கும். கேரட் கசக்கிறதே என்பார் மனைவி. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு செய்கிற வேலை அது. நம்மவர் அதையும் விளக்கத் தொடங்குவார். அதற்குள் வாணலிகள் ஓவனுக்குள் குடியேறியிருக்கும்.

இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு ஒரு யோசனை. அக்டோபரில் ஃபிளானல் சட்டை ஒன்று காகிதத் தட்டோடு கதவைத் தட்டினால் மறுக்காதீர்கள். அவர் எதிரிலேயே ஒன்றை எடுத்துக் கடியுங்கள். "நன்றாக இருக்கிறது" என்றால் போதாது. வீட்டுக்குப் போய் உப்புக் குறைந்ததோ என்று யோசிப்பார். "இனிப்பு அளவாக இருக்கிறது" என்றால் உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டிவிடுவார். "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது!" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். மறந்தும் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் வாசற்படியில் நின்று விளக்குவார். செய்முறையை எழுதித் தருவார். ஓட்டமாகப் போய், நீங்களும் செய்து பார்க்க வேண்டாமா என்று ஒரு பை நிறைய ஆப்பிளும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.