பத்து சதவீதத்துக்குக் கீழே

பத்து சதவீத ஸ்காலரிடம் தீசிஸ் எதைப் பற்றி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். எத்தனை சதவீதம் என்று கேட்டால் புள்ளி வைத்துச் சொல்வார். சர்க்கரை நோயாளி ரத்தப் பரிசோதனைக்குப் போகிற மாதிரி வாரம் தவறாமல் மென்பொருளில் ஒப்புமை ரிப்போர்ட் எடுப்பார். 38 என்று வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. 9 என்று வந்தால் நண்பர்களுக்கு டீ அவர் செலவு. ஆளைச் சொல்லிக் குற்றமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் அப்படி. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை திருத்தித் தரவே ஓராண்டுத் தடை. அதைத் தாண்டினால் பதிவு ரத்து. திருட்டைத் தடுக்க எழுதிய விதியை நம்மவர் வருமான வரி அட்டவணையாகப் படித்துக்கொண்டார்: பத்து வரை வரி கிடையாது!

ஆகவே அவர் திருடுவதை விடவில்லை, சதவீதத்தை இறக்கக் கற்றுக்கொண்டார். அடுத்தவர் பத்தியைச் சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அதே உருவமுள்ள ரஷ்ய எழுத்தைச் செருகுகிற கைத்தேர்ச்சியும் சிலருக்கு உண்டு. சொல் மாற்றியதன் விளைவை 2021-இல் கியோம் கபனாக் என்ற ஆய்வாளரும் இரு சகாக்களும் ஆய்விதழ்களிலிருந்து பொறுக்கிக் காட்டினார்கள். தமிழில் சொன்னால், ‘செயற்கை நுண்ணறிவு’ அங்கே ‘கள்ளப் பிரக்ஞை’ ஆகியிருந்தது. ‘மார்பகப் புற்றுநோய்’, ‘நெஞ்சக ஆபத்து’. நிகண்டு முழுதும் மனப்பாடம் செய்த புலவருக்கும் தோன்றாத சொற்கள். இவையெல்லாம் அச்சேறியவை என்பதுதான் வேடிக்கை. யாராவது ஒருவர் வாசித்திருந்தால் ஏறியிருக்குமா?

‘கரைசலை இத்தனை டிகிரிக்குச் சூடாக்கினேன் என்பதை எத்தனை விதமாகத்தான் எழுதுவது?’ என்று ஸ்காலர் கேட்பார். நியாயம்தான். செய்முறையை ஒழுங்காக எழுதிய யோக்கியனுக்குச் சதவீதம் ஏறுகிறது. பிறர் கருதுகோளை அலுங்காமல் தூக்கிச் சொந்த வாக்கியத்தில் வைத்தவனுக்குப் பூஜ்யம். ஒப்புமை காணும் மென்பொருள் பார்ப்பது சொல் ஒற்றுமையை. கருத்து யாருடையது என்பது அதற்குத் தெரியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. எண்ணை எடுத்துவிட்டால் கைடு தன் மாணவனைக் காப்பாற்றுவார், வேண்டாதவனை மாட்டிவிடுவார். இயந்திரத்துக்குச் சாதியும் கிடையாது, சொந்த ஊரும் கிடையாது. உண்மை. அதனால் எண் இருக்கட்டும், நாய் குரைக்கிற மாதிரி. நாய் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும், திருடனைப் பார்த்தும் குரைக்கும்; வாசலுக்கு வந்து பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆளையும் அதே விதிமுறைகள் நியமித்திருக்கின்றன: துறைத் தலைவர், வேறு துறையின் மூத்த பேராசிரியர், மென்பொருள் தெரிந்தவர் என்று ஒரு குழு. அந்த மூவரும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்து எண்ணோடு நின்றுவிடாமல், நிறம் தீட்டிய வரிகளை ஒவ்வொன்றாக மூலத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு மத்தியானம் போகும்.

அதற்கு ஆள் கிடைக்காத வரைக்கும் நம்மவருக்குக் கவலையில்லை. வைவாவில் தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, “தம்பி, அது என்ன கள்ளப் பிரக்ஞை?” என்று கேட்டாலும் பணிவாக எழுந்து நிற்பார்:

“ஒன்பது புள்ளி நான்கு, சார்.”