இனிஷியல் பார்த்து வாங்குங்கள்

மதுரையைச் சுற்றிப் பிளாஸ்டிக் புல் முளைத்த வேகத்துக்கு நிஜப் புல் முளைத்திருந்தால் ஆளுக்கு நாலு மாடு வாங்கிக் கட்டியிருக்கலாம். முன்பெல்லாம் காலி மனை கிடந்தால் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். இப்போது நாலு பக்கமும் வலை கட்டி, பச்சையை விரித்து, விளக்கைப் போட்டு, 'டர்ஃப்' என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். மணிக்கணக்கில் வாடகை. பகல் வெயிலில் அந்தப் புல் நிஜப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பதால், ஊர் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில்தான் ஆட்டம் களைகட்டும். தூங்கா நகரம் என்ற பேரை இட்லிக் கடைக்காரர்களோடு சேர்ந்து இப்போது கால்பந்துக்காரர்களும் காப்பாற்றுகிறார்கள்.

சிம்மக்கல்லில் எங்கள் தெருவிலும் ஓர் அணி சேர்ந்தது. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை. வைகைக்குள் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஆற்றில் தண்ணீர் வராதது எங்கள் விளையாட்டுக்கு அரசாங்கம் செய்து தந்த ஒரே வசதி.

"ஷூ எதுக்குப்பா?" என்றார் கூட்டத்தில் மூத்தவர். "1911-ல கல்கத்தா கிளப்பு மோகன் பகான்ல பத்துப் பேரு வெறுங்காலோட ஆடித்தான் வெள்ளைக்காரப் பட்டாளத்தை ரெண்டுக்கு ஒண்ணுன்னு அடிச்சு ஐ.எஃப்.ஏ. கேடயத்தத் தூக்குனாங்க."

"அது மண்ணு மாமா, இது டயரு" என்றான் என் அக்கா மகன். அவன் சொன்னது சரிதான். புல்லிழைகளுக்கு நடுவே மணலோடு கொட்டியிருக்கிற கறுப்புக் குருணை பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. அது சாக்ஸோடு வீட்டுக்கு வந்து, "கருஞ்சீரகத்தக் கொட்டினது யாரு?" என்று அம்மாவைக் கத்தவைக்கும்.

அவனையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணே, இது உலகக் கோப்பையில போட்ட மாடல்ணே" என்று கடைப் பையன் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை நீட்டினான். விலை, என் முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம். மருமகன் மேல்பாகத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து அடியைப் பார்த்தான். பெட்டியின் ஓரத்தைப் பார்த்தான். "இனிஷியல் சரியில்ல மாமா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஜாதகம் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு கறாரை நான் கண்டதில்லை.

விஷயம் இதுதான். ஷூவின் அடியில் இருக்கிற முளைகள் (ஸ்டட்) எந்தத் தரைக்கு என்று பெட்டியின் ஓரத்தில் இரண்டு எழுத்தில் போட்டிருக்கும்; அதுதான் இனிஷியல். எஸ்.ஜி. என்றால் ஈரச் சேற்றுக்கு. 1954 உலகக் கோப்பை இறுதியில், பெர்ன் நகர மழையில், அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் கொடுத்த திருகு முளை பூட்ஸோடு ஆடி மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என்று வென்றது. பெர்னில் மழை பெய்தது. மதுரையில் அதற்கு வேலை குறைவு. எஃப்.ஜி. என்றால் நிஜப் புல்தரைக்கு. நீளமான முளைகள், எண்ணிக்கையில் கம்மி. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்குவது பெரும்பாலும் இதுதான். ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல்லுக்கென்றே செய்தது. குட்டையான, உருண்டையான முளைகள், நிறைய. டி.எஃப். என்றால் அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ். ஐ.சி. என்றால் முளையே இல்லாத தட்டை, உள்ளரங்குத் தரைக்கு.

எஃப்.ஜி.யைப் போட்டுக்கொண்டு டர்ஃபில் ஆடினால் என்ன ஆகும்? மண்ணில் குத்திய முளை, ஆள் திரும்பும்போது மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் புல் பெயராது. ஷூ விடாக்கண்டன், தரை கொடாக்கண்டன். நடுவில் மாட்டுவது முட்டி. உடம்பு கோல் பக்கம் திரும்பும், பாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். லிகமெண்ட் கிழிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. நம் வயதில், பந்து வராமலே கீழே விழுகிறவர்களுக்கு, இந்தக் கூடுதல் பிடிமானம் தேவையா? வழுக்கி விழுந்தால் முழங்கை சிராய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், அத்தோடு முடிந்தது. போதாக்குறைக்கு, எஃப்.ஜி.யின் அடித்தட்டு டர்ஃபில் சீக்கிரம் விரிசல் விடும். ஒத்துவராத தரையில் ஆடியதற்கு வாரண்டி இல்லை என்று பல கம்பெனிகள் கைவிரித்துவிடும்.

அளவு பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். செருப்பிலேயே வளர்ந்த நம் கால் முன்பக்கம் அகலம். குறுகலான மாடல்கள் சுண்டுவிரலைப் பதம் பார்க்கும். "போடப் போட லூசாகும்ணே" என்பார்கள். லூசாவதற்குள் நகம் போய்விடும்.

எங்கள் அணி மொத்தமும் டி.எஃப்.தான் வாங்கியது. வாடகை டர்ஃபில் பல இடங்களில் புல் குட்டை, குருணை மெலிசு, அடியில் கெட்டித் தளம்; அதற்கு இதுவே போதும். புல் உயரமாக, குருணை கனமாக இருக்கிற பெரிய மைதானத்தில் வாரம் தவறாமல் ஆடுகிற இளவட்டங்கள் ஏ.ஜி. வாங்கட்டும். பெரும்பாலான டி.எஃப்., பளபளக்கிற எஃப்.ஜி.யைவிட மலிவு. மிச்சக் காசில் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற தடுப்பு ஒரு ஜோடி வாங்குங்கள். யார் கையெழுத்துப் போட்ட ஷூ என்று கேட்காதீர்கள். கவிழ்த்துப் பார்த்து, இனிஷியலைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.