முட்டைப் பூச்சும் மூட்டை சிமென்ட்டும்

கேள்வி: ஐயா கட்டிய செட்டிநாட்டு வீடு. கூலி கட்டுப்படியாகவில்லை. கோடை லீவில் குடும்பத்தோடு நாங்களே பழுது பார்க்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: தாராளமாக. பங்காளிகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் இங்கே ஆணி அடிக்கும் சத்தத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து போன் வரும்.

மாப்பிள்ளை கையில் சிமென்ட் மூட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுடையது சுண்ணாம்புச் சுவர். ஏறும் ஈரத்தை வெளியே விட்டுத்தான் இத்தனை காலம் நிற்கிறது. சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, புதுப்பூச்சு பழைய பூச்சையும் கூட்டிக்கொண்டு விழும். விரிசலுக்குச் சுண்ணாம்புக் கலவைதான். பளபளக்கும் முட்டைப் பூச்சு தேர்ந்த கொத்தனார் வேலை. நீங்கள் இறங்கினால் ஆம்லெட்டில் முடியும்.

ஆத்தங்குடிக் கல் தரையில் ஆசிட் ஊற்றவே கூடாது. அந்தப் பூவேலை கண்ணாடி மேல் சாயச் சிமென்ட் ஊற்றி வார்த்தது, சூளையில் சுட்டதல்ல, ஆசிட் அரித்துவிடும். தண்ணீரில் துடைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை, செல்போனும் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும்.

ஓடு மாற்றவும் வயரிங்குக்கும் மட்டும் ஆள் கூப்பிடுங்கள். மாவுக்கட்டுச் செலவைவிடக் கூலி மலிவு.